யாழினியின் 1003

குழு: நம் வீடு

சனிக்கிழமை

மாலதி, மாலை 6:40
அத்தை, யாழினியின் கணக்கு ஏட்டை இன்று புரட்டிப் பார்த்தேன். மூன்றாம் வகுப்புக்கு வந்த பிறகும், நூற்று மூன்று என்றால் 1003 என்றும், முந்நூற்று நாற்பத்தைந்து என்றால் 30045 என்றும் எழுதியிருக்கிறாள். ஆனால் அதே ஏட்டில், 345-இல் 4-இன் இடமதிப்பு என்ன என்ற கேள்விக்கு 40 என்று சரியாக எழுதி, ‘மிக நன்று’ என்ற குறிப்பும் வாங்கியிருக்கிறாள். அவளுக்குத் தெரிகிறதா, தெரியவில்லையா என்பதே எனக்கு விளங்கவில்லை.

பிரபு, மாலை 6:44
அக்கா, இதற்குக் கைப்பேசியில் நிறையச் செயலிகள் இருக்கின்றன. ஒன்றைப் பதிவிறக்கிக் கொடுத்தால் விளையாடிக்கொண்டே கற்றுக்கொள்வாள்.

செல்வம் சித்தப்பா, மாலை 6:51
செயலியெல்லாம் எதற்கு? ஒரு நூறு ரூபாய்த் தாளையும், சில பத்து ரூபாய்த் தாள்களையும், ஒரு ரூபாய் நாணயங்களையும் கையில் கொடுங்கள். எங்கள் கடையில் நான் அப்படித்தான் கற்றேன்.

கரூர் அத்தை, மாலை 7:05
செல்வம், நீ சொல்வது தவறில்லை. ஆனால் அது இரண்டாவது படி. பத்து ரூபாய்த் தாளைக் கிழித்துப் பார்த்தாலும் உள்ளே பத்து ஒற்றை ரூபாய்கள் இருக்கப் போவதில்லை. பத்து என்பது பத்து ஒன்றுகள் சேர்ந்த கூட்டம் என்று ஏற்கெனவே அறிந்த குழந்தைக்குத்தான் பணம் உதவும். அறியாத குழந்தைக்கு அது வேறொரு நிறத்துக் காகிதம், அவ்வளவே.

மாலதி, முதலில் ஒரு சோதனை செய். பதினாறு புளியங்கொட்டைகளை அவளை எண்ணி வைக்கச் சொல். ஒரு தாளில் 16 என்று எழுதச் சொல். பிறகு 6-ஐச் சுட்டிக்காட்டி, இது எந்தக் கொட்டைகளைக் குறிக்கிறது என்று கேள். அடுத்து 1-ஐக் காட்டிக் கேள். நீ ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்கக் கூடாது.

மாலதி, இரவு 7:32
செய்து பார்த்தேன், அத்தை. 6-க்கு ஆறு கொட்டைகளை நகர்த்தி வைத்தாள். 1-க்கு ஒரே ஒரு கொட்டையை எடுத்துக் காட்டினாள். மீதி ஒன்பது கொட்டைகள் எங்கே போயின என்று கேட்டதற்கு, அவை சும்மா இருக்கின்றன என்றாள்.

கரூர் அத்தை, இரவு 7:40
நான் எதிர்பார்த்ததுதான். முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பில் நின்றதில் இந்த ஒற்றைக் கொட்டையை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஏட்டில் எழுதிய 40 என்ற விடை, கட்டத்தைப் பார்த்து நிரப்பியது. வலப்பக்கத்திலிருந்து இரண்டாவது எண்ணுக்குப் பின் ஒரு சுழியம் போட்டால் மதிப்பெண் கிடைக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

பெரியப்பா, இரவு 7:58
என் பேத்தியைக் குறை சொல்வதற்கு முன் ஒன்றை நினைத்துப் பாருங்கள். பழைய ஓலைகளிலும் கல்வெட்டுகளிலும் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள் இருந்தன. 103 என்பதை ௱௩ என்றும், 345 என்பதை ௩௱௪௰௫ என்றும் எழுதினார்கள். வாய் சொல்வதைக் கை அப்படியே எழுதிய முறை அது, அதில் சுழியத்துக்கு வேலையே இல்லை. யாழினியும் நூறு என்று கேட்டதும் 100 எழுதி, மூன்று என்று கேட்டதும் 3-ஐப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். காதில் விழுந்ததைத்தான் எழுதியிருக்கிறாள்.

கரூர் அத்தை, இரவு 8:10
அண்ணா, நீங்கள் சொன்னது மிகச் சரி. அதனால்தான் அவள் எழுதியதை அடித்துத் திருத்துவதில் பயனில்லை என்கிறேன். அந்த 100-ஐயும் 3-ஐயும் வைத்துக்கொண்டே கற்றுக்கொடுக்கலாம்.

மாலதி, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை எடுத்துக்கொள். 100, 200 என்று 900 வரை மூன்று விரல் அகலத்தில் எழுது. 10, 20 என்று 90 வரை இரண்டு விரல் அகலத்தில் எழுது. 1 முதல் 9 வரை ஒரு விரல் அகலம் போதும். ஒவ்வோர் இலக்கமும் சரியாக ஒரு விரல் இடத்தில் அமைய வேண்டும். இனி நூற்று மூன்று என்று நீ சொன்னதும் அவள் 100 அட்டையை எடுப்பாள், 3 அட்டையை எடுப்பாள். பக்கத்தில் வைக்காமல், வலது ஓரங்கள் ஒன்றுசேரும்படி 3-ஐ 100-இன் மேல் வைக்கச் சொல். கடைசிச் சுழியம் மறைந்து 103 தெரியும். மேல் அட்டையைத் தூக்கினால் மறைந்த சுழியம் அங்கேயே இருப்பதை அவளே பார்ப்பாள்.

ஆனால் அட்டைக்கு முன் குச்சி. சீமாற்றிலிருந்து ஈர்க்குச்சிகளை உருவி விரல் நீளத்துக்கு நறுக்கி, நூற்று மூன்று குச்சிகளைக் குவித்துக் கொடு. பத்து சேர்ந்ததும் ரப்பர் பட்டை போட வேண்டும். பத்துக் கட்டுகள் சேர்ந்ததும் அவற்றை ஒரே பெரிய கட்டாகக் கட்ட வேண்டும். நீ கட்டிக் கொடுக்காதே, அவளே கட்டட்டும்.

பிரபு, இரவு 8:15
அத்தை, கட்டிய கட்டுகளையே கடையில் வாங்கிக் கொடுத்தால் நேரம் மிச்சமாகுமே?

கரூர் அத்தை, இரவு 8:19
அந்த நேரம்தான் பாடம், தம்பி. பிற்பாடு 52-இலிருந்து 27-ஐக் கழிக்கும்போது, 2-இல் 7 போகாது என்று 7-இலிருந்து 2-ஐக் கழித்து 35 என்று எழுதும் குழந்தைகள் ஏராளம். தன் கையால் கட்டியவள், ஐந்து கட்டுகளில் ஒன்றைப் பிரித்தால் பன்னிரண்டு குச்சிகள் கிடைக்கும் என்று தானே பிரிப்பாள். பக்கத்து வீட்டில் கடன் வாங்குவது என்று நாம் சொல்லித் தருகிறோமே, அந்தச் சொல்லே எனக்குப் பிடிப்பதில்லை. வாங்கிய கடனை யாரும் திருப்பித் தருவதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை

மாலதி, காலை 11:25
அத்தை, ஒரு மணி நேரம் ஆனது. ஒன்பதாவது கட்டில் பதினொரு குச்சிகள் சேர்ந்துவிட்டதைக் கண்டுபிடித்து, எல்லாக் கட்டுகளையும் பிரித்து மீண்டும் எண்ணினாள். பத்துக் கட்டுகளையும் சேர்த்தபோது ரப்பர் பட்டை அறுந்துவிட்டது. கோணிக் கயிற்றால் கட்டினோம். பெரிய கட்டு ஒன்று, பக்கத்தில் மூன்று குச்சிகள் இருந்தன. நடுவில் சின்னக் கட்டு எத்தனை என்று கேட்டேன். ஒன்றும் மிச்சமில்லை, எல்லாம் பெரிய கட்டுக்குள் போய்விட்டன என்று சொல்லி, 1-க்கும் 3-க்கும் நடுவில் அவளே சுழியம் போட்டாள்.

கரூர் அத்தை, காலை 11:31
நல்லது. மாலையில் தொண்ணூற்றைந்து கேள். அதில் நூறு என்ற ஒலி இருக்கிறது, ஆனால் பொருள் ஒன்பது பத்துகள்தான். தொள்ளாயிரமும் அப்படித்தான், ஆயிரம் ஒலிக்கும், ஒன்பது நூறுகளே இருக்கும். தமிழில் எண் கற்கும் குழந்தை இடறும் இடம் அது.

மாலதி, மாலை 5:50
இடறினாள், அத்தை. தொண்ணூற்றைந்து என்றதும் நூறு அட்டையைத்தான் முதலில் எடுத்தாள். குச்சிகளில் எடுத்து வைக்கச் சொன்னேன். பெரிய கட்டை அவிழ்த்தாள், ஒன்பது சின்னக் கட்டுகளை வைத்தாள், பத்தாவது கட்டைப் பிரித்து ஐந்து குச்சிகளை எடுத்தாள்; பிறகு நூறு அட்டையைத் தானே திருப்பி வைத்துவிட்டு 90-இன் மேல் 5-ஐ வைத்தாள். இப்போது ஆயிரம் கட்ட வேண்டும், இன்னும் எத்தனை சீமாறு இருக்கிறது என்று கேட்கிறாள்.

பெரியப்பா, மாலை 5:54
எங்கள் வீட்டில் இரண்டு இருக்கின்றன. பிரபுவிடம் கொடுத்தனுப்புகிறேன்.