விலை 500-ஐத் தொடவில்லை, எக்ஸ் மட்டும் விழுந்திருந்தது: பாயின்ட் அண்ட் ஃபிகர் அனுபவங்கள்

திருப்பூரிலிருந்து:

பங்கின் விலை ஏறினால் எக்ஸ், இறங்கினால் ஓ என்று கட்டங்களில் குறிப்பதுதான் பாயின்ட் அண்ட் ஃபிகர் சார்ட். அதை சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்துவிடும், நாம் சிக்னலைப் பார்த்தால் போதும் என்று ஒரு வருடத்துக்கு மேல் நம்பியிருந்தேன். ஒரே ஒரு எக்ஸ் அந்த நம்பிக்கையைக் கெடுத்தது. புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

பங்கின் பெயர் வேண்டாம். விலை 500-க்குச் சற்றுக் கீழே. கட்டம் 5 ரூபாய், ரிவர்சல் 3 கட்டம் (அவ்வளவு எதிர்த்திசையில் திரும்பினால்தான் புதிய வரிசை), அன்றைய அதிகபட்ச, குறைந்தபட்ச விலைகளை வைத்துப் போடும் ஹை-லோ முறை. முந்தைய எக்ஸ் வரிசை 495-ல் முடிந்திருந்தது. நடுவில் ஒரு ஓ வரிசை இறங்கி, மறுபடி ஏறிய எக்ஸ் வரிசையும் 495-ல் வந்து நின்றது. இனி 500-ல் ஒரு எக்ஸ் விழுந்தால் டபுள் டாப் பிரேக்அவுட், அதாவது முந்தைய எக்ஸ் வரிசையின் உச்சியைத் தாண்டியதால் வாங்கச் சொல்லும் சிக்னல். அன்று மாலை பார்த்தால் 500-ல் எக்ஸ் விழுந்திருக்கிறது. மறுநாள் காலை வாங்கினேன். அன்றே லோ 484.20. சார்ட்டில் 495, 490, 485 என்று மூன்று ஓ. நஷ்டத்தை நிறுத்த முன்பே வைத்திருந்த ஸ்டாப் விலை அடித்து வெளியே வந்தேன்.

நஷ்டம் பெரிதில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. எக்ஸ் விழுந்த நாளின் ஹை என்னவென்று தேடினேன். 498.70. விலை 500 பக்கம் போகவே இல்லை.

அன்று ராத்திரி மகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டை வாங்கிக்கொண்டு, பென்சிலோடு உட்கார்ந்து ஆறு மாத டேட்டாவைக் கையால் போட்டேன். பல இடங்களில் நோட்டும் திரையும் ஒத்துப்போகவில்லை. காரணம் நான் எடுத்துப் போட்டிருந்த ஃபார்முலாவில் இருந்தது. 498.70-ஐ 5-ஆல் வகுத்தால் 99.74. அது இதை அருகில் உள்ள முழு எண்ணுக்குக் கொண்டுபோய் 100 ஆக்கிவிட்டது. 100 பெருக்கல் 5, 500. எக்ஸுக்கு எப்போதும் கீழ்நோக்கித்தான் முழு எண் எடுக்க வேண்டும், 99. ஓ-வுக்கு மேல்நோக்கி. 484.20-ஐ வகுத்தால் 96.84, அது 97, அதாவது 485. கட்டத்தின் விலையை மார்க்கெட் உண்மையிலேயே தொட்டால்தான் குறி. சரியாக 500.00 தொட்டிருந்தால்கூட எக்ஸ் போடலாம், 499.95 போதாது.

இதில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அடுத்த விஷயம். சரியான கணக்கில் எக்ஸ் 495-ல்தானே நிற்கிறது? அப்படியானால் ரிவர்சலுக்கு விலை 480 வரை இறங்கியிருக்க வேண்டும். 484.20-க்கு நோட்டில் ஒரு குறியும் கிடையாது. திரையில் வாங்கச் சொல்லி சிக்னலும் வந்து, அடுத்த நாளே ரிவர்சலும் வந்துவிட்டது. நோட்டில் அந்த இரண்டு நாளும் எதுவுமே நடக்கவில்லை.

நாகர்கோவிலிலிருந்து:

அண்ணே, நீங்கள் சொன்ன ரவுண்டிங் என்னிடம் சரியாகத்தான் இருந்தது. நான் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். 2022-ல் க்ளோஸ் விலையை மட்டும் வைத்து, 2 ரூபாய் கட்டத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். 3.30-க்கு மார்க்கெட் முடிந்தபோது கடைசி டிரேடு 242.10, லைவ் சார்ட்டில் 242-க்கு எக்ஸ். மறுநாள் காலை அந்த எக்ஸைக் காணவில்லை. சாஃப்ட்வேரில் ஏதோ கோளாறு என்றே நினைத்தேன். பவ்காப்பியை (என்எஸ்இ தினமும் வெளியிடும் விலைப் பட்டியல்) திறந்தால் க்ளோஸ் 241.65. கடைசி டிரேடு விலையை என்எஸ்இ அப்போது க்ளோஸாக எடுக்கவில்லை. கடைசி அரை மணி நேரத்தில் நடந்த டிரேடுகளின், வால்யூம் சேர்த்துக் கணக்கிட்ட சராசரிதான் க்ளோஸ். அன்றிலிருந்து பவ்காப்பி ஏற்றிய பிறகுதான் சார்ட்டைத் திறக்கிறேன்.

ஹை-லோ முறையிலும் மார்க்கெட் நேரத்தில் இதே ஆபத்து உண்டு. எக்ஸ் வரிசையில் இருக்கும்போது முதலில் ஹையைத்தான் பார்க்க வேண்டும். புதிய எக்ஸ் விழுந்தால் அன்றைய லோ எவ்வளவு ஆழமாகப் போயிருந்தாலும் கணக்கில் இல்லை. புதிய எக்ஸ் இல்லாவிட்டால்தான் லோ. ஆக, காலை 11 மணிக்கு மூன்று ஓ தெரியும், மதியம் விலை ஏறிப் புதிய ஹை போட்டால் அந்த மூன்றும் மறையும். 11 மணிக்கு அதைப் பார்த்து விற்றவர் என்ன செய்வார்?

சென்னையிலிருந்து:

ஏடிஆர் (பங்கின் விலை ஒரு நாளில் சராசரியாக எவ்வளவு ஆடுகிறது என்ற அளவு) வைத்துக் கட்டத்தின் அளவைத் தானாக எடுக்கும் வசதியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அது என் கருத்தில் பாயின்ட் அண்ட் ஃபிகருக்கே ஒத்துவராது. ஏடிஆர் மாறும்போதெல்லாம் கட்டத்தின் அளவு மாறி, பழைய வரிசைகள் உட்பட முழுச் சார்ட்டும் புதிதாக வரையப்படும். நேற்று நான் கோடு போட்டு வைத்த டபுள் பாட்டம் (இரண்டு ஓ வரிசைகள் ஒரே விலையில் முடிவது) இன்று அந்த இடத்தில் இல்லை.

கட்டத்தை ரூபாயில் இல்லாமல் சதவீதத்தில் வைத்தாலும் ஒன்று கவனியுங்கள். சாஃப்ட்வேர் எந்த விலையிலிருந்து கட்டங்களை எண்ணத் தொடங்குகிறது என்று பாருங்கள். 1 சதவீதம், தொடக்கம் 100 என்றால் 101, 102.01, 103.03 என்று போகும். தொடக்கம் 100.50 என்றால் 101.51, 102.52. நானும் என் நண்பரும் ஒரே பங்கை, ஒரே அமைப்பில் போட்டோம். அவரிடம் வாங்கும் சிக்னல், என்னிடம் இல்லை. நான் மூன்று வருட டேட்டா ஏற்றியிருந்தேன், அவர் ஐந்து வருடம். எங்கள் சாஃப்ட்வேர் ஏற்றிய டேட்டாவின் முதல் நாள் விலையிலிருந்து எண்ணுகிறது.

அப்புறம் போனஸ். 2024 அக்டோபர் 28 அன்று ரிலையன்ஸ் 1:1 போனஸுக்குப் (ஒரு பங்குக்கு இன்னொரு பங்கு இலவசம்) பிறகு 2,650 பக்கம் இருந்த விலை 1,330 பக்கம் வந்தது. பழைய விலைகளைப் பாதியாக்கி டேட்டாவைச் சரிசெய்யாமல் 20 ரூபாய் கட்டத்தில் போட்டதால் அறுபதுக்கும் மேல் ஓ, ஒரே வரிசையில். சரிசெய்த டேட்டாவை ஏற்றினேன், ஓ வரிசை போய்விட்டது. ஆனால் கட்டத்தை மாற்ற மறந்துவிட்டேன். முன்பு 0.75 சதவீதமாக இருந்த 20 ரூபாய், இப்போது 1.5 சதவீதம். பாதி வரிசைகள் காணாமல் போயின. 10 ரூபாய்க்கு மாற்றிய பிறகுதான் பழைய வடிவம் திரும்பி வந்தது.

திருப்பூரிலிருந்து:

சார், தொடக்க விலை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. இன்று மாலையே பார்க்கிறேன். ஐந்து பங்குகளை மட்டும் இன்னும் நோட்டில் கையால் போட்டு வருகிறேன். ஒவ்வொரு மாதத்தின் முதல் குறிக்குப் பதிலாக மாத எண்ணை எழுதுவேன். செப்டம்பர் வரை 1 முதல் 9, அக்டோபருக்கு ஏ, நவம்பருக்கு பி, டிசம்பருக்கு சி. திரையோடு ஒப்பிடும்போது எந்த மாதத்தில் பிசகியது என்று உடனே விரல் வைத்துக் காட்ட முடிகிறது.