சதவீதக் கணக்கு: விடை 15 எப்படி? எனக்கு 45 வருகிறது

தேர்வர்27:
வணக்கம். அவசரம். கணிதத்தில் தேர்ச்சி 60%, அறிவியலில் 70%, இரண்டிலும் 75%. இரண்டிலும் தேறாதவர்கள் எத்தனை சதவீதம்? 60 + 70 − 75 = 55. நூறில் கழித்தால் 45. விடைக்குறிப்பில் 15 என்று இருக்கிறது. மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டேன்.

நீலவானம்:
மொத்தம் எத்தனை மாணவர்கள்? அதைச் சொல்லவில்லையே.

வட்டக்கணக்கு:
மொத்தம் வேண்டாம். எல்லாம் சதவீதமாகவே இருந்தால் 100 பேர் என்று வைத்துக்கொண்டு போகலாம். எனக்கென்னவோ விடைக்குறிப்பில்தான் பிழை என்று படுகிறது. மாதிரித் தேர்வுப் புத்தகங்களில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பழைய கணக்கர்:
விடைக்குறிப்பைக் குறை சொல்வதற்கு முன்னால் எண்களைப் பாருங்கள். கணிதத்தில் தேறியதே 60 பேர். இரண்டிலும் தேறியவர்கள் அந்த 60-க்குள் அடங்கியவர்கள். 75 எங்கிருந்து வந்தது? கணங்கள் பாடத்தை ஒழுங்காகப் படித்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

தாமரை:
ஐயா, கேட்க வந்தவரை அதட்டாதீர்கள். தம்பி, உங்கள் 45-ஐயும் சோதித்துப் பாருங்கள். அறிவியலில் 70 பேர் தேறிவிட்டார்கள், மிச்சம் 30. இரண்டிலும் தேறாதவர்கள் அந்த 30-ஐத் தாண்டவே முடியாது. கேள்வியை அச்சில் இருக்கிறபடி அப்படியே போடுங்கள், ஒரு சொல்கூட விடாமல்.

தேர்வர்27:
"மாணவர்களில் 60% பேர் கணிதத்தில் தேறினர். அவர்களில் 75% பேர் அறிவியலிலும் தேறினர். மொத்த மாணவர்களில் 70% பேர் அறிவியலில் தேறினர்." இவ்வளவுதான். நான் சொன்னதும் இதேதானே?

தாமரை:
இல்லை. "அவர்களில்" என்ற சொல்லில்தான் கணக்கே இருக்கிறது. அந்த 75% நூறு பேரில் அல்ல, 60 பேரில். 60-இல் முக்கால் பங்கு 45. இரண்டிலும் தேறியவர்கள் 45 பேர். 60 + 70 − 45 = 85. மிச்சம் 15. விடைக்குறிப்பு சரிதான். இனிமேல் ஒவ்வொரு % குறிக்குப் பக்கத்திலும் "எதில்?" என்று எழுதிக்கொண்டு அப்புறம் கூட்டுங்கள்.

கட்டம் போடு:
இரண்டு குழு என்றால் ஒன்றையொன்று வெட்டும் வட்டங்களாக வரையும் வென்படம் வேண்டாம், கட்டம் போதும். மேலே அறிவியல் தேர்ச்சி, தோல்வி, மொத்தம். பக்கவாட்டில் கணிதத்துக்கும் அப்படியே. கணிதத் தேர்ச்சி வரிசை: 45, 15, 60. கணிதத் தோல்வி வரிசை: 25, 15, 40. கூட்டல் வரிசை: 70, 30, 100. தப்பு நடந்தால் உடனே தெரியும், ஏனென்றால் வரிசையோ நெடுவரிசையோ ஒத்துவராது. சூத்திரம் 45 என்று பொய் சொன்னபோது உங்களுக்குத் தெரியவில்லை, பாருங்கள்.

வட்டக்கணக்கு:
விடைக்குறிப்பு விஷயத்தில் நான் சொன்னது தவறு. ஆனால் மூன்று குழு வந்தால் கட்டம் கைவிடும். ஜான் வென் 1880-இல் எழுதிய கட்டுரையிலிருந்து இன்றுவரை மூன்று வட்டங்களுக்கு நிகர் இல்லை.

கட்டம் போடு:
அதற்கு முன்பே, 1768-இல் அச்சான தன் கடிதங்களில் கணிதவியலாளர் ஆய்லர் வட்டம் போட்டுவிட்டார். பேச்சு அதுவல்ல. தேர்வில் ஒரு கணக்குக்குக் கிடைப்பது ஓரிரு நிமிடம். அதில் எது கைகொடுக்கும்?

பழைய கணக்கர்:
மூன்று குழுவுக்கு ஒரே சூத்திரம்: மூன்றையும் கூட்டு, இரண்டிரண்டாக வெட்டுவதைக் கழி, மூன்றிலும் இருப்பதைக் கூட்டு. முடிந்தது.

தாமரை:
முடியவில்லை, ஐயா. "சரியாக இரண்டில் மட்டும்" என்று கேள்வி சொன்னால் அந்தச் சூத்திரம் தவறான விடை தரும். 100 பேரில் 50, 40, 30 என மூன்று குழு, எதிலும் இல்லாதவர் 10, மூன்றிலும் இருப்பவர் 5 என்று வையுங்கள். குழுக்களின் கூட்டுத்தொகை 120, ஆனால் ஆட்கள் 90 பேர்தான். 30 அதிகம். மூன்றிலும் இருக்கும் 5 பேரை இரண்டு தடவை கூடுதலாக எண்ணியதில் 10 போயிற்று. மிச்சம் 20 பேர்தான் சரியாக இரண்டில் இருப்பவர்கள். உங்கள் சூத்திரத்தில் வரும் இரட்டை வெட்டுகளின் கூட்டுத்தொகையோ 35, ஏனென்றால் அந்த 5 பேரும் அதில் மூன்று தடவை வருகிறார்கள்.

பழைய கணக்கர்:
இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று வருவதுதான். புரிந்து படித்தவனுக்கு வேறுபாடு தெரியும்.

நீலவானம்:
எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. இவ்வளவு நாள் "இரண்டில்", "இரண்டில் மட்டும்" இரண்டையும் ஒன்றாகவே போட்டுக்கொண்டிருந்தேன்.

தேர்வர்27:
15 வந்துவிட்டது. பழைய தாள்களில் தப்பான மற்ற ஐந்து கணக்குகளையும் எடுத்துப் பார்த்தேன், நான்கில் இதே "அவர்களில்". தாமரை அக்கா, கட்டம் அண்ணா, நன்றி. நாளைக் காலை தேர்வு, படுக்கப் போகிறேன்.

வட்டக்கணக்கு:
அந்த ஐந்தாவது கணக்கு என்ன? அதையும் போட்டுவிட்டுப் போங்கள்.