சூப்பர் மார்க்கெட் சொந்த பிராண்ட் பருப்பு, எண்ணெய் வாங்கலாமா? சொல்லுங்க தோழிகளே

வணக்கம். மாசா மாசம் மளிகை பில் கையைக் கடிக்குது. அதனால சூப்பர் மார்க்கெட்காரங்க தங்கள் பேர்லயே பாக்கெட் போட்டு விற்கிற சாமான்களுக்கு மாறிட்டு வர்றேன். சர்க்கரை, ரவை, கடுகு, உப்பு எல்லாம் மாத்தியாச்சு, ஒரு வித்தியாசமும் தெரியலை.

தயக்கம் துவரம்பருப்புலதான். போன தடவை வாங்கினது ஆறு விசில் விட்டும் குழையலை. சாம்பார்ல தண்ணி தனியா, பருப்பு தனியா நிக்குது. பழைய சரக்கா, இல்ல ரகமே அப்படியா? பேக்கிங் தேதி தவிர வேற எதைப் பார்த்து வாங்குறீங்க?

அடுத்து நல்லெண்ணெய். 1 லிட்டரும் 850 மில்லியும் அலமாரியில ஒரே உயரத்துல நிக்குது. பாக்கெட்ல போட்டிருக்கிற ஒரு மில்லி விலையைப் பார்த்தாதான் எது மலிவுன்னே புரியுது. பின்பக்கம் தயாரிப்பாளர் பேரும் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு உரிமம்) எண்ணும் பார்க்கிறேன். ஆனா வாசனையும் ருசியும் வாங்கினவங்களுக்குத்தானே தெரியும்!

டீத்தூளை மட்டும் மாத்த மாட்டேன், மாமியாருக்கு முதல் வாய்லயே தெரிஞ்சிடும்.

மிளகாய்த்தூள், பெருங்காயம் மாத்தினவங்க இருக்கீங்களா? சென்னைப் பக்கம் எந்தக் கடைப் பருப்பு நல்லா குழையுதுன்னு பேரோட சொன்னா இந்த மாசமே வாங்கிடுவேன்.