எழுத, திருத்த வெளியாள் அமர்த்தும்போது: சொல் கணக்கா, மொத்தத் தொகையா?

வரைவுக்காரர்:
பயிற்சிக் கையேடு ஒன்று, 30,000 சொல் வரைவு கையில் இருக்கிறது. இரண்டு அத்தியாயம் புதிதாக எழுத வேண்டும், மீதியைத் திருத்த வேண்டும். ஃப்ரீலான்சர் ஒருவரிடமே கொடுக்க எண்ணம். கூலியை எப்படிப் பேசுவது?

பத்தி:
சொல் கணக்குதாங்க. முதல் நாளே இரண்டு பேருக்கும் தொகை தெரிந்துவிடும். மணிக்கணக்கு என்றால் அவர் சொல்வதை நம்புவதைத் தவிர வழியில்லை. ஒன்று மட்டும் கவனம்: திருத்தத்துக்கு நீங்கள் கொடுக்கிற வரைவின் சொற்களை எண்ணுங்கள், திருப்பி வருவதை அல்ல. திருத்தியபின் எண்ணினால், சதையைக் குறைத்துக் கொடுக்கிற நல்ல எடிட்டருக்குத்தான் நஷ்டம்.

ஒற்று:
புதிதாக எழுதும் பகுதிக்குத் தமிழில் சொல் கணக்கு ஆகவே ஆகாது. மென்பொருள் எண்ணுவது இடைவெளியைத்தான். ‘செய்துகொண்டிருக்கிறார்’ ஒரு சொல், ‘செய்து கொண்டு இருக்கிறார்’ மூன்று. சேர்த்து எழுதத் தெரிந்தவருக்குக் கூலி குறையும், பிரித்துப் போடுகிறவருக்கு ஏறும். ஆங்கிலத்துக்கான விகிதத்தை இங்கே அப்படியே கொண்டுவருவதும் தவறு. வேற்றுமை உருபும் துணைவினையும் ஒட்டிக்கொள்வதால், அதே விஷயம் தமிழில் குறைந்த சொற்களில் முடிந்துவிடும்.

பத்தி:
அதற்குத்தான் நடைக் குறிப்பு. துணைவினை சேர்த்தா பிரித்தா, எண்கள் இலக்கத்திலா எழுத்திலா, கிரந்த எழுத்து (ஜ, ஷ, ஸ, ஹ போன்றவை) எதுவரை, பிறமொழிப் பெயர்களுக்கு எந்த எழுத்துக்கூட்டல். ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு பேரும் ஒப்புக்கொண்டால் யாரும் சொல்லைப் பிரித்து ஏமாற்ற முடியாது.

ஒற்று:
குறிப்பு அவசியம்தான், மறுக்கவில்லை. ஆனால் திருத்தம் என்பதே ஒரு வேலை இல்லையே! அத்தியாயங்களை இடம் மாற்றி அமைப்பது ஒன்று, வாக்கியத்தைச் செப்பனிடுவது வேறு, ஒற்றுப்பிழையும் ஒருமை பன்மை மயக்கமும் பார்ப்பது இன்னொன்று. மூன்றுக்கும் அதே 30,000 சொல்தான், உழைப்போ பல மடங்கு வேறுபடும். ‘எடிட்டிங்’ என்று மட்டும் சொல்லிப் பேரம் முடித்தால், நீங்கள் ஒன்றை எதிர்பார்ப்பீர்கள், அவர் இன்னொன்றைச் செய்து அனுப்புவார். பெரும்பாலான சண்டைகளின் வேர் இதுதான்.

என் யோசனை: வரைவின் நடுவிலிருந்து 1,000 சொல் எடுத்து, பணம் கொடுத்தே மாதிரித் திருத்தம் கேளுங்கள். முதல் அத்தியாயம் வேண்டாம், அதை எழுதியவரே பலமுறை தேய்த்து வைத்திருப்பார். ஆன நேரத்தை 30ஆல் பெருக்கி, ஐயங்களுக்கும் இரண்டாம் வாசிப்புக்கும் கொஞ்சம் கூட்டி, அந்த நேரத்துக்கான கூலியை மொத்தத் தொகையாக முடியுங்கள்.

பத்தி:
மாதிரித் திருத்தம் நல்ல வழி, அந்த விலையைச் சொல்லுக்கு இவ்வளவு என்றே வகுத்துவிடலாமே. மொத்தத் தொகையில் ‘இன்னும் ஒருமுறை பார்த்துக் கொடுங்க’ என்பதற்கு முடிவே இருக்காது. திருத்திய அத்தியாயத்தை வாடிக்கையாளர் மாற்றி எழுதி மறுபடி அனுப்புவார். சொல் கணக்கில் அது தானாகவே புது வேலையாகிவிடும்.

ஒற்று:
சுற்று எண்ணிக்கையை ஒப்பந்தத்தில் எழுதினால் போதும். இரண்டு சுற்று தொகைக்குள், மூன்றாவதற்குத் தனிக் கட்டணம். புது அத்தியாயங்களுக்கு முதலில் குறிப்புச் சட்டகம் (எதை எந்த வரிசையில் எழுதுவார் என்ற சுருக்கம்) வாங்கி ஒப்புதல் கொடுங்கள். முழுதாக எழுதியபின் ‘நான் கேட்டது இது இல்லை’ என்றால் இருவருக்குமே இழப்பு.

மெய்ப்பு:
கூலியைவிட எனக்குக் கவலை தருவது, ஒரே ஆளிடம் எல்லாம் என்பது. எழுதியவர் கண், தான் எழுத நினைத்ததைத்தான் படிக்கும், விட்டுப்போன சொல் தெரியாது. குறைந்தது மெய்ப்பு பார்ப்பதையாவது (அச்சுக்கு முந்தைய கடைசிப் பிழைதிருத்தம்) வேறொருவரிடம் கொடுங்கள், அதுவும் பக்க வடிவமைப்பு முடிந்தபின். வடிவமைப்பாளர் ஒருங்குறியிலிருந்து (யூனிகோட்) பழைய எழுத்துருவுக்கு மாற்றினால் கொம்பு இடம் மாறும், எழுத்து உடையும். வரைவில் எவ்வளவு திருத்தினாலும் அந்தப் பிழை பிறகுதான் வரும்.

பத்தி:
மெய்ப்பு சொல்வது சரி. வரைவுக்காரரே, இன்னும் இரண்டு: திருத்தங்கள் ட்ராக் சேஞ்சஸில்தான் (ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்துக் காட்டும் மென்பொருள் வசதி) வர வேண்டும், இல்லாவிட்டால் எது மாறியது என்றே தெரியாது. முழுப் பணமும் கொடுத்தபின் பதிப்புரிமை உங்களுக்கு மாறும் என்று எழுதி வாங்குங்கள். கூலி விஷயத்தில், திருத்தத்துக்கு நான் இன்னமும் சொல் கணக்கைத்தான் சொல்வேன்.