கப்பல் கொம்பனியில கரை வேலை: டிப்ளோமாவுக்குக் காசு கட்டுறதோ, நேரா வேலைக்கு விடுறதோ?

கண்டாவளைக் காகம்:
வணக்கம் எல்லாருக்கும். என்ர தங்கச்சி கிளிநொச்சியில கொமர்ஸ் படிச்சவள். ஏ.எல். முடிவு ஒரு பி, ரெண்டு எஸ். கம்பஸ் வராது. அவளுக்குக் கப்பல் கொம்பனி வேலையில விருப்பம். கடலுக்குப் போறதில்லை, கரையில ஒஃபிசில இருந்து செய்யிற வேலை. கொழும்பு நிறுவனம் ஒண்டு வவுனியாவில வந்து கூட்டம் வச்சது. ஒரு வருச சிப்பிங் டிப்ளோமாவாம், முடிச்ச கையோட வேலையாம். கட்டுக்காசு, போர்டிங், சாப்பாடு எல்லாத்தையும் கூட்டிப் பாத்திட்டு, அந்தக் காசுக்குப் பழைய லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் ஒண்டு எடுக்கலாம் எண்டு அப்பா நிக்கிறார். காசைக் கட்டுறதோ, ஏஜென்சி ஒண்டில சின்ன வேலைக்கு விடுறதோ? தெரிஞ்சவை சொல்லுங்கோ.

பழைய வார்ஃப்காரன்:
லாண்ட்மாஸ்டரை எடுக்கச் சொல்லுங்கோ. நான் செட்டிகுளத்துக்காரன், கொழும்பு வார்ஃபில தலை நரைச்சவன். கஸ்டெக் எண்ட சுங்கப் பத்திரக் கட்டைத் தூக்கிக்கொண்டு சுங்கத்துக்கும் ஏஜென்சிக்கும் ஓடினதுதான் என்ர படிப்பு. பி.எல். எண்ட கப்பல் சரக்குச் சீட்டில என்ன பாக்கவேணும், சாமானை விடச்சொல்லுற டெலிவரி ஓடர் எடுக்க முந்தி எந்தச் சீட்டைக் காட்டவேணும், காசில்லாமல் கொண்டெய்னர் பெட்டியை வச்சிருக்கிற ஃப்ரீ டைம் எப்ப முடியும், முடிஞ்சா டெமரேஜ் எண்ட தாமதக் காசு எப்பிடி ஏறும்? பெட்டி ஒண்டு மாட்டுப்பட்டு, சாமான்காரன் தொலைபேசியில கத்தேக்கதான் இதெல்லாம் மண்டையில ஏறும். இப்ப சுங்க எண்ட்ரி எல்லாம் ஐ.நா.வின்ர வர்த்தக அமைப்பு அங்க்டாட் செய்த அசிக்குடா கணினி முறையில. வகுப்பில அதைப் படம் போட்டுக் காட்டுவினம். உண்மையான எண்ட்ரியில கை வைக்க ஆர் விடுவினம்?

நெடுங்கேணி மிஸ்:
ஐயா, ஒரு கேள்வி. நீங்கள் முதன்முதல் அந்த வார்ஃபுக்குள் எப்படிப் போனீர்கள்?

பழைய வார்ஃப்காரன்:
மச்சான் முறையான ஒராள் கூட்டிக்கொண்டு போனவர். ஏன் மிஸ்?

நெடுங்கேணி மிஸ்:
அதற்காகத்தான் கேட்டேன். உங்களுக்கு மச்சான் இருந்தார். நான் உயர்தரத்தில் வணிகம் படிப்பிக்கிறேன். என் பிள்ளைகள் கடன் கடிதம் என்றால் என்ன, காப்புறுதி என்றால் என்ன என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். ஆனால் கோட்டையிலோ கொள்ளுப்பிட்டியிலோ உள்ள கப்பல் முகவர் அலுவலகத்தின் வாசலில் நின்று "இவர் என் ஆள்" என்று சொல்ல அவர்களுக்கு ஒருவரும் இல்லை. கொழும்புப் பிள்ளைக்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். எங்கள் பிள்ளைக்குக் கையில் ஒரு தாள் வேண்டும். படிப்பு வேண்டாம் என்று ஆள்பலம் உள்ளவர்தான் சொல்லலாம்.

பூநகரிப் பொடியன்:
நான் இப்ப கொழும்பில கொண்டெய்னர் லைன் ஏஜென்சி ஒண்டில டொக்கியுமெண்டேசன் பகுதியில இருக்கிறன். மிஸ் சொல்லுற வாசல் பிரச்சினை உண்மை. ஆனா தாள் எண்டா எந்தத் தாள்? கூட்டம் வச்சவை குடுக்கிற தாளை எங்கட மேனேஜர் திருப்பிக்கூடப் பாக்கமாட்டார். துறையில பேசப்படுற பெயர்கள் வேற.

ஒண்டு, இலண்டனில 1911இல தொடங்கி 1920இல அரச சாசனம் வாங்கின கப்பல் தரகர் சங்கம், இன்ஸ்ரிரியூட் ஒஃப் சார்ட்டர்ட் சிப்புரோக்கர்ஸ். இலங்கையில கிளை இருக்கு. முதல் படி ஃபவுண்டேசன் டிப்ளோமா, பிறகு அட்வான்ஸ்ட், முழு அங்கத்துவத்துக்கு 7 பாடம். வேலை செய்துகொண்டே எழுதலாம், அதுக்கெண்டுதான் தொலைக்கல்வி நடத்தினம். மற்றது ஃபோர்வடிங், அதாவது சரக்கு அனுப்பிக் குடுக்கிற பக்கம் போறவைக்கு ஃபியாட்டா டிப்ளோமா. 1926இல வியன்னாவில உருவான சரக்கு அனுப்புநர் கூட்டமைப்பு அது. இன்னொண்டு போக்குவரத்து, சரக்குத் துறைக்கான சி.ஐ.எல்.ரி. துறைமுக அதிகாரசபையின்ர மகாபொல பயிற்சி நிலையமும் இருக்கு. 1990இல தொடங்கின, மாலபேயில இருக்கிற சினெக் கடல்சார் கல்லூரியையும் எல்லாரும் அறிவினம், அங்க செலவு எங்கட ஊர்க் கணக்குக்குக் கூட.

எதைப் படிச்சாலும் சோதினை இங்கிலீசில. சிப்புரோக்கர்ஸ் வினாத்தாள் சரி பிழை போடுற வகை இல்லை, கட்டுரை எழுதவேணும். அங்கதான் எங்கட ஆக்கள் விழுறது.

முல்லை உப்புக்காத்து:
எல்லாரும் கொழும்பு கொழும்பு எண்டே கதைக்கிறியள். 2014ஆம் ஆண்டின்ர சட்டத்தால சமுத்திரப் பல்கலைக்கழகம் வந்தது, யாழ்ப்பாணத்திலயும் திருகோணமலையிலயும் அதுக்குப் பிராந்திய நிலையம் இருக்கு, என்.வி.கியூ. எண்ட தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ். காங்கேசன்துறைக்கு நாகபட்டினக் கப்பல் 2023 ஒக்ரோபரில தொடங்கினது. இஞ்ச பக்கத்தில வேலை வரேக்க பிள்ளையை ஏன் 300 கிலோமீற்றர் தள்ளி அனுப்பவேணும்?

பூநகரிப் பொடியன்:
அண்ணை, பயணிகள் படகு ஒண்டுக்கு எத்தினை ஏஜென்சி கிளார்க் வேணும்? சமுத்திரப் பல்கலைக்கழகம் நல்ல இடம், ஆனா அது தொடங்கினதே மீன்பிடி, கடல் பொறியியல் பயிற்சி நிலையமா. படகு எஞ்சின் திருத்த, சுழியோட, மீன் பதப்படுத்தப் படிக்கிறவைக்குச் சரி. தங்கச்சி கேக்கிறது கொமர்ஸ் பிள்ளைக்கான ஒஃபிஸ் வேலை.

கொடிகாமத்துக் கோபம்:
நான் வன்னி இல்லை, மன்னிக்கவும், ஆனா இதைச் சொல்லாமல் போகேலாது. வேலை விளம்பரத்தில "சிங்களம், ஆங்கிலம் கட்டாயம்" எண்டுதான் போடுறான். நீங்கள் எந்தச் சாசனத்தில படிச்சு என்ன? கேற்றில நிக்கிறவனோட கதைக்கச் சிங்களம் வேணும். கனடாவுக்கு அனுப்புங்கோ.

பழைய வார்ஃப்காரன்:
கோபம் தம்பி, சிங்களம் நான் கொட்டாஞ்சேனைச் சாப்பாட்டுக் கடையில பழகினனான். அதுக்கு ஒரு வருசக் கோர்ஸ் தேவைப்படேல்லை. மற்றது கனடாவிலயும் பெட்டி கப்பலிலதான் வருது.

நெடுங்கேணி மிஸ்:
ஐயா, நீங்கள் ஆண், சாப்பாட்டுக் கடையில் இரவு பத்து மணிவரை இருந்து மொழி பழகலாம். இருபது வயதுப் பெண்பிள்ளை எங்கே இருந்து பழகுவாள்? வகுப்பறை என்பது பாடத்துக்காக மட்டும் இல்லை. தெரியாத நகரத்தில் முதல் ஆறு மாதம் காலூன்ற ஓர் இடம் அது. அதற்கும் ஒரு விலை இருக்கிறது என்பதைக் கணக்கில் எடுங்கள்.

இன்னொன்று. அடிப்படை அறிவு இல்லாமல் ஓடி ஓடிப் பழகுகிறவர் தனக்கு முன்னால் இருந்தவர் செய்த பிழையையும் சேர்த்துத்தான் பழகுகிறார். 2021 மே மாதத்தில் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்ததே. அதில் 25 தொன் நைத்திரிக் அமிலம் இருந்தது. ஒரு பெட்டியில் இருந்து கசிந்தது. வழியில் ஹமாத், ஹசிரா ஆகிய இரண்டு துறைமுகங்களிலும் இறக்கிவிடக் கேட்டார்கள், இறக்கமுடியவில்லை. பெட்டியை அடைத்தவர், பொருளை அறிவித்தவர், இறக்கலாமா என்று தீர்மானித்தவர் எல்லாரும் கரையில் இருந்தவர்கள்தானே?

பழைய வார்ஃப்காரன்:
அவையளில ஒருத்தரும் படியாதவை இல்லை, மிஸ். எல்லாற்ற சுவரிலயும் சேர்டிபிகேட் தொங்கியிருக்கும்.

பூநகரிப் பொடியன்:
இந்த இடத்தில மிஸ்ஸின்ர பக்கம் நிக்கிறன். ஆபத்தான சரக்குக்கு ஐ.எம்.டி.ஜி. கோட் எண்டு சர்வதேச விதி. 9 வகுப்பாப் பிரிக்குது, நைத்திரிக் அமிலம் 8ஆம் வகுப்பு, அரிக்கிற பொருள். அந்தச் சரக்கோட தொடர்புபடுற கரை ஊழியருக்கும் பயிற்சி கட்டாயம் எண்டு 2010இல இருந்து விதியிலயே இருக்கு. கப்பலுக்குப் போற மாலுமிக்கு எஸ்.ரி.சி.டபிள்யூ. எண்டு 1978 உடன்படிக்கை, அது இல்லாமல் ஏறேலாது. கரையில இருக்கிறவைக்கு அப்பிடி ஒரு பொதுவான உடன்படிக்கை இல்லை. அந்த வெறும் இடத்திலதான் ஆரும் எந்தப் பெயரிலயும் டிப்ளோமா விக்கலாம் எண்டு ஆகியிருக்கு.

வார்ஃப் அண்ணைக்கும் ஒண்டு. கொழும்பில இறங்கிற பெட்டியில மிகப் பெரிய பங்கு இலங்கைக்குள்ள வாறதே இல்லை. ஒரு கப்பலில இறக்கி இன்னொரு கப்பலில ஏத்தி இந்தியாவுக்கும் வங்காளதேசத்துக்கும் போகுது. அந்தப் பெட்டிக்குக் கஸ்டெக் போட்டு லொறி பிடிக்கிற வார்ஃப் கிளார்க் தேவையில்லை. எந்தப் பெட்டி எந்தக் கப்பலுக்கு, எப்ப கட்-ஓஃப் எண்ட கடைசி நேரம், வி.ஜி.எம். எண்ட உறுதிப்படுத்தின நிறை வந்திட்டுதோ (2016 யூலைக்குப் பிறகு அது இல்லாமல் பெட்டி ஏறாது), மானிஃபெஸ்ட் எண்ட கப்பல் சரக்குப் பட்டியல் சரியோ, இதைத் திரைக்கு முன்னால இருந்து பாக்கிற ஆள்தான் வேணும். 2025 ஏப்ரலில திறந்த மேற்கு முனையத்தில கிரேன்கூட ஆளில்லாமல் ஓடுது. நீங்கள் ஓடிப் பழகின பாதை இருக்கு, ஆனா ஒடுங்கிக்கொண்டு வருது.

பழைய வார்ஃப்காரன்:
ஒடுங்குதுதான், இல்லையெண்டு சொல்லேல்லை. அதுக்கு வைத்தியம் வவுனியாக் கூட்டத்துக்காரனோ?

தூத்துக்குடி அலை:
குறுக்கே வர்றேன், மன்னிச்சுக்கோங்க. எங்க ஊர்ல கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீஸ்ல பிளஸ் டூ முடிச்ச பையன் எச் கார்டுங்கிற அடையாள அட்டையோட உள்ள வருவான். பரீட்சை எழுதினா ஜி கார்டு. அதுக்கு மேல எஃப் கார்டு, லைசென்ஸ் வரைக்கும் போகலாம். 2018 விதிமுறையிலயே இருக்கு. வேலையும் பரீட்சையும் ஒரே ஏணி. டிப்ளோமாவா வேலையான்னு சண்டையே வராது. உங்க பக்கம் அப்படி இல்லியா?

கண்டாவளைக் காகம்:
நன்றி அண்ணா. அப்பிடி ஒரு ஏணி இருந்தா அப்பாவுக்கு விளங்கப்படுத்த லேசு. கூட்டம் வச்ச நிறுவனத்துக்குப் பொடியன் அண்ணை சொன்னதை வச்சு இண்டைக்குக் கோல் எடுத்துக் கேட்டனான். "உங்கட டிப்ளோமா சிப்புரோக்கர்ஸ் பாடத்தில எதுக்காவது விலக்குத் தருமோ? என்.வி.கியூ. மட்டம் என்ன? மூண்டாம் நிலைக் கல்வி ஆணைக்குழுவில பதிஞ்சிருக்கோ?" மூண்டுக்கும் ஒரே பதில்தான்: "முதல் பதிவுக் கட்டணத்தைக் கட்டுங்கோ, மற்றதை நேரில கதைப்பம்."

முல்லை உப்புக்காத்து:
சபாஷ். கட்டாதேங்கோ.

நெடுங்கேணி மிஸ்:
அந்த நிறுவனத்துக்கு நானும் காசு கட்டச் சொல்லவில்லை. ஒரு கள்ளத் தரகர் இருக்கிறார் என்பதற்காகப் படிப்பே வேண்டாம் என்றாகிவிடாது. வவுனியாப் பல்கலைக்கழகத்தில் வியாபாரக் கற்கைகள் பீடம் இருக்கிறது, அறிவியல் நகரில் ஜெர்மன் பயிற்சி நிலையம் இருக்கிறது. மாலை வகுப்பாக ஆறு மாதம், கப்பல் ஆவணம், சரக்கு ஆங்கிலம், பேச்சுச் சிங்களம். கடைசி இரண்டு மாதம் கொழும்பில் ஏதாவது ஒரு முகவர் நிலையத்தில் பயிலுநர். இதைத்தான் நாம் கேட்க வேண்டும். பிள்ளை வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே முதல் படியைத் தாண்டுவாள்.

முல்லைத்தீவுக் கரையில் 2006 டிசம்பரில் ஃபரா 3 என்ற ஜோர்தானியக் கப்பல் அரிசியோடு ஏறி நின்றதை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் கேட்டு வளர்ந்தவர்கள். அதைச் சுற்றி எத்தனை கரை வேலை இருந்தது என்று ஒரு பிள்ளைக்காவது நாம் சொல்லிக்கொடுத்தோமா? சர்வேயர், கப்பல் உரிமையாளரின் காப்புறுதிக் கழகப் பிரதிநிதி, மீட்பு ஒப்பந்தக்காரர், சரக்கு உரிமையாளரின் வழக்கறிஞர், உள்ளூர் முகவர். நாங்கள் பார்த்தது இரும்பை மட்டும்.

பழைய வார்ஃப்காரன்:
மிஸ், கடைசி ரெண்டு மாசத்தை முதல் ரெண்டு மாசமாக்குங்கோ, நானும் கையெழுத்து வைக்கிறன். வேலையைக் கண்ணால பாத்திட்டு வந்து இருந்தாத்தான் பாடம் உள்ள இறங்கும்.

காகம், ஒண்டு செய்வம். எனக்குத் தெரிஞ்ச ஃபோர்வடிங் ஒஃபிஸ் ஒண்டில பயிலுநர் எடுக்கிறவை. கேட்டுப் பாக்கிறன், சம்பளம் போர்டிங்குக்கும் பஸ்சுக்கும் சரியாப் போகும், மிச்சம் எதிர்பாக்காதேங்கோ. அதுக்கு முந்தித் தங்கச்சி இங்கிலீசில ஒரு மெயில் எழுதட்டும். பரந்தனில ஒரு அரிசி ஆலைக்கு மெசின் உதிரிப்பாகம் வருது. பி.எல்.லில ஆலைக்காரற்ற பெயரில ஒரு எழுத்துப் பிழை. திருத்தித் தரச்சொல்லிக் கப்பல் ஏஜென்சிக்கு எழுதவேணும். பத்து வரிக்கு மேல போகக்கூடாது.

நெடுங்கேணி மிஸ்:
ஆக நீங்களும் நுழைவுப் பரீட்சை வைக்கிறீர்கள், ஐயா.

பழைய வார்ஃப்காரன்:
பதிவுக் கட்டணம் கேக்கேல்லையே, மிஸ்.

கண்டாவளைக் காகம்:
எழுதிக்கொண்டிருக்கிறாள். இடையில ஒரு கேள்வி கேக்கிறாள்: திருத்தக் கட்டணம் ஆர் கட்டுறது, பிழை விட்டவையோ, ஆலைக்காரரோ?

பழைய வார்ஃப்காரன்:
ஆர் பிழை விட்டது எண்டதைப் பொறுத்தது. ஏத்துமதிக்காரன் குடுத்த விபரமே பிழையெண்டா அவன்ர தலையில. மானிஃபெஸ்ட் சுங்கத்துக்குப் போயிட்டுதோ இல்லையோ எண்டும் கேக்கச் சொல்லுங்கோ, போயிருந்தா கதை வேற, தண்டமும் வரலாம். மெயிலை எனக்குத் தனிமடலில போடட்டும், நாளைக்குப் பின்னேரம் கோல் எடுக்கிறன்.

பூநகரிப் பொடியன்:
காகம், அவள் வேலைக்குச் சேந்தா முதல் ஆறு மாசத்துக்கு எந்தச் சோதினைக்கும் பதியவேண்டாம். பிறகு ஃபவுண்டேசனுக்குப் பதியட்டும். என்ர பழைய குறிப்புகள் இருக்கு, தாறன்.

நெடுங்கேணி மிஸ்:
நல்லது, சந்தோசம். காகத்தின் தங்கைக்கு ஐயா கிடைத்துவிட்டார். என் வகுப்பில் மிச்சம் இருக்கிற பிள்ளைகளுக்கு யார் கோல் எடுப்பது?