டைல்ஸ ஒடைக்காம டைவர்ட்டரோட வெளி பிளேட்டும் ஹேண்டிலும் மட்டும் மாத்த முடியுமா?

பிளம்பிங் தெரிஞ்சவங்க கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க. வேளச்சேரில எங்க ஃப்ளாட் பாத்ரூம்ல சுவத்துக்குள்ள வச்ச கன்சீல்டு டைவர்ட்டர் (ஷவருக்கும் குழாய்க்கும் தண்ணிய மாத்தி விடற வால்வு), சிங்கிள் லீவர் டைப், வெளிய தெரியுற ரவுண்டு பிளேட்டும் ஹேண்டிலும் போர் தண்ணி உப்புல குரோம் உரிஞ்சு ஓரமெல்லாம் பச்சை பூத்துப் போச்சு. உள்ள பாடி நல்லாத்தான் இருக்கு, ஒழுகல, சுடுதண்ணி பச்சத்தண்ணி ரெண்டும் ஒழுங்கா வருது. வந்த பிளம்பர் பார்த்ததுமே "டைல்ஸ ஒடச்சு முழுசா மாத்திடலாம் சார்"ங்கறாரு, அவருக்கென்ன, அந்த டிசைன் டைல் இப்ப எந்தக் கடைலயும் இல்ல, வீட்லயும் ஒண்ணு கூட ஸ்பேர் கிடையாது.

ஹேண்டிலுக்கு அடியில இருக்கற சின்ன பிளாஸ்டிக் மூடிய நெம்பி எடுத்துட்டு அலன் கீ போட்டா குட்டி ஸ்க்ரூ துருப்புடிச்சு அசையவே மாட்டேங்குது, டபிள்யூடி-40 அடிச்சு ராத்திரி முழுக்க விட்டும் பாத்தாச்சு. இன்னும் முறுக்குனா அலன் கீ போற ஓட்டையே வழுக்கிடும் போல. ட்ரில் போட்டு எடுக்கலாமா, உள்ள தண்ணிய தெறந்து மூடற கார்ட்ரிட்ஜோட தண்டுக்கு அடி படுமா?

இன்னொரு டவுட்டு, வேற கம்பெனி ஹேண்டில் செட் இதுக்குச் சேருமா? கார்ட்ரிட்ஜே 35 எம்எம், 40 எம்எம்னு வருது, தண்டு சைஸும் ஆளுக்கொரு மாதிரி வைக்கறாங்க. மாடல் நம்பர் எங்கயும் தெரியல. சைடன்ஹாம்ஸ் ரோடு பக்கம் பழைய மாடல் ஸ்பேர் வச்சிருக்கற கடை தெரிஞ்சா சொல்லுங்க. தனி வால்வு வேற இல்ல, மாடி டேங்க் லைன மூட அசோசியேஷன் ஞாயித்துக்கெழம மத்தியானம்தான் விடுவாங்க, அதுக்குள்ள சொன்னா புண்ணியமாப் போகும். போட்டோ கமெண்ட்ல போடறேன்.