டூபியா பெட்டியும் டிங்கிப் புகையும்: பெரிய தவளைக்கு இரை வளர்த்த அனுபவங்கள்

செந்தூல், கோலாலம்பூர்

வணக்கம். பேக்மேன் தவளைக்கு (வீட்டில் வளர்க்கும், வாய் பெரிய தவளை) என்ன இரை கொடுப்பது என்று புதியவர்கள் சிலர் கேட்டிருந்தீர்கள். நான் பட்டதைச் சொல்கிறேன். உங்களுடையதையும் எழுதுங்கள்.

என் தவளை ஐம்பது காசு நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய குட்டியாக வீட்டுக்கு வந்தது. மூன்று மாதம் தூண்டில் கடையில் செங்கெரிக் (சிள்வண்டு) வாங்கி, பொட்டலத்தைப் பிரித்து அப்படியே போட்டேன். நன்றாகத்தான் தின்றது. ஒரு நாள் பாய்ந்தபோது குறி தவறியது. மறுநாளும் அதே. கையில் எடுத்துப் பார்த்தால் கீழ்த்தாடை ரப்பர் மாதிரி வளைகிறது, பின்னங்கால் விரல்கள் துடிக்கின்றன. அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. செங்கெரிக்கில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. வளரும் குட்டி தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துச் செலவழித்துக்கொண்டிருந்திருக்கிறது. விலங்கு மருத்துவரிடம் கொண்டுபோனேன். வைட்டமின் டி3 கலந்த கால்சியத் தூளைத் தொடர்ந்து கொடுத்ததில் தேறிவிட்டது. ஆனால் தாடை இன்றும் ஒரு பக்கம் லேசாகக் கோணல்தான்.

அதற்கப்புறம்தான் டூபியா கரப்பான் வளர்க்க ஆரம்பித்தேன். கரப்பான் என்றதும் வீட்டில் அம்மா முகம் மாறியது. டூபியா வழவழப்பான சுவரில் ஏறாது, நம் வீட்டுக் கரப்பானைப் போலப் பறக்காது என்று காட்டிய பிறகுதான் பின்கட்டில் இடம் கிடைத்தது. உயரமான பிளாஸ்டிக் பெட்டி, மூடியில் கம்பி வலை, உள்ளே முட்டை அட்டைகளைச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். படுக்க வைத்தால் எச்சம் அட்டையிலேயே தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். குளிர்நாட்டுக்காரர்கள் இதற்கு ஹீட்டர் வைப்பார்கள். நம் ஊர் வெயிலுக்கு அந்தச் செலவு இல்லை. இறக்கை முழுதாக இருந்தால் ஆண், சின்னத் துண்டாக இருந்தால் பெண். நான்கு பெண்ணுக்கு ஓர் ஆண் போதும். முட்டையை வயிற்றுக்குள்ளேயே வைத்துக் குஞ்சாகத்தான் ஈனும், ஓர் ஈற்றுக்கு இருபது முப்பது. அவை பெரிதாக நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். அதுவரை பெரியவற்றில் கை வைக்காதீர்கள். அவசரப்பட்டவர்கள் பெட்டிதான் சீக்கிரம் காலியாகும்.

தீனிக்குக் கேரட், பூசணி, தொட்டியில் வளரும் முருங்கைக்கீரை. தவளைக்குப் போடும் முன் ஒரு நாள் நன்றாகத் தின்ன விட்டு, டப்பாவில் கால்சியத் தூளோடு ஒரு குலுக்கு. இடியப்ப மாவில் புரட்டியது போல வெளியே வரும். தவளையின் இரண்டு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிட இரை பெரிதாக இருக்கக் கூடாது. புதிதாகத் தோல் உரித்த கரப்பான் பால் வெள்ளையாக, மெத்தென்று இருக்கும். என் தவளை அதைக் கண்டால் மண்ணை உதறிக்கொண்டு எழும். விழுங்கும்போது கண் இரண்டும் உள்ளே அமிழ்ந்து இரையைத் தொண்டைக்குத் தள்ளுவதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

இனி அந்தப் புகை. எங்கள் வரிசையில் டிங்கி வந்ததால் ஒரு மாலை கொசுப்புகை அடிக்க வந்தார்கள். நான் வேலையில் இருந்தேன். திரும்பி வந்தபோது பெட்டியில் முந்நூறுக்கு மேல் மல்லாந்து கிடந்தன, சிலவற்றுக்குக் கால் மட்டும் உதறிக்கொண்டிருந்தது. தவளை முன்னறையில் கதவுக்குப் பின்னால் இருந்ததால் தப்பித்தது. செத்ததில் ஒன்றைக்கூட அதற்குப் போடவில்லை, எல்லாவற்றையும் கட்டிக் குப்பையில் போட்டேன். இப்போது இரண்டு பெட்டி வைத்திருக்கிறேன், ஒன்று தங்கை வீட்டில். சமையலறைக் கரப்பானைப் பிடித்துப் போடலாமா என்று கேட்பவர்களும் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அது எந்த மருந்தைத் தின்றுவிட்டு வந்ததோ யாருக்குத் தெரியும்?

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அண்ணே, என்னிடம் இருப்பது ஆப்பிரிக்கக் காளைத் தவளை. நான் செங்கெரிக்கை விட்டதற்கு வேறு காரணம். ஓர் இரவு தின்னாமல் மிஞ்சிய நான்கைத் தொட்டியிலேயே விட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் தவளையின் முதுகில் அரிசி அளவுக்கு மூன்று காயம். தூங்கும் தவளையையே கடித்திருக்கின்றன. மிஞ்சியதை எண்ணி எடுத்துவிட்டுத்தான் இப்போது விளக்கை அணைப்பேன்.

பறவைக் கடையில் கிடைக்கும் சூப்பர் புழு (ஒரு வகை வண்டின் புழு) எப்போதாவது ஒன்றிரண்டு சரி, கொழுப்பு அதிகம். கூட்டமாக இருந்தால் அது கூட்டுப்புழு ஆகவே ஆகாது. தனித்தனி டப்பாவில் போட்டால் சில நாளில் வளைந்து சுருண்டு கிடக்கும், செத்துவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். இரண்டு மூன்று வாரத்தில் வண்டு வந்துவிடும். என் தவளைக்கு வாரம் இரண்டு வேளை டூபியா, நடுவில் மண்புழு. வளர்ந்த தவளைக்கு அது தாராளம்.

செராஸ், கோலாலம்பூர்

எனக்குப் புகை இல்லை, எறும்பு. பெட்டியைச் சுற்றி எறும்புச் சாக்கால் கோடு போட்டேன். அதுவும் பூச்சிமருந்துதான் என்று அப்போது உறைக்கவில்லை. கோட்டுத் தூள் உள்ளே போய் நான்கு நாளில் பாதிப் பெட்டி போயிற்று. இப்போது பெட்டியை ஒரு ஸ்டூலில் வைத்து, அதன் கால்களைச் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தியிருக்கிறேன்.

இன்னொன்று, அக்கா தம்பிகளே. இரண்டு வருடம் வெறுங்கையால் எச்சத்தைச் சலித்ததில் எனக்குத் தும்மலும் மணிக்கட்டில் தடிப்பும் வந்துவிட்டன. கரப்பான் தூசு ஒத்துக்கொள்ளாமல் போவது உண்மை. முகக்கவசம் போட்டு வெளியே வைத்துச் சுத்தம் செய்யுங்கள். வேண்டாத பூச்சியைக் காட்டில் விடாதீர்கள், ஃப்ரீசரில் வைத்துவிட்டு அப்புறம் குப்பையில் போடுங்கள். என்னிடம் இப்போது மிஞ்சியிருப்பது ஆண்கள் மட்டும்தான். செந்தூல் அண்ணே, பெண் கிடைக்குமா?

செந்தூல், கோலாலம்பூர்

கிடைக்கும். ஞாயிறு காலை வாருங்கள், பத்துப் பெண் எடுத்து வைக்கிறேன். டப்பாவில் துளை போட்டு, ஒரு முட்டை அட்டைத் துண்டும் கொண்டு வாருங்கள்.